எட்டாவது வரை தங்கமாக இருந்த பிள்ளை ஒன்பதில் ஏன் மாறுகிறான்?

பல்லடம் டீச்சர்

எட்டாவது வரை தங்கமாக இருந்தான், ஒன்பதுக்கு வந்ததும் திடீரென்று மாறிவிட்டான் என்று சொல்லாத பெற்றோர் அரிது. வயதுக் கோளாறு, செல்போன், சேர்க்கை சரியில்லை என்று காரணங்களும் அடுத்த மூச்சிலேயே வந்துவிடும். செல்போனும் சேர்க்கையும் கெடுப்பது உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளையைப் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை கண்முன் வைத்துப் பார்க்கும் அரசுப் பள்ளி ஆசிரியை நான். அந்தத் 'திடீரென்று' எனக்கு உடன்பாடில்லை. அதைப் பேசத்தான் இந்த விவாத இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு மாணவனைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வந்தபோது தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, சத்தமில்லாமல் முயற்சி செய்வான். வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது அவன் முறை வந்தால் வகுப்பு சிரிக்கும். நேரமாகிறது என்று அடுத்தவனிடம் போய்விடுவார்கள். ஏழாம் வகுப்பில், வாசிப்புப் பாடம் தொடங்கினாலே தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வெளியே போகக் கற்றுக்கொண்டான். எட்டில் அதையும் விட்டுவிட்டுக் கடைசிப் பெஞ்சில் அமைதியாக இருந்தான். அந்த அமைதியைத்தான் வீட்டில் தங்கம் என்றார்கள். ஒன்பதில் ஆசிரியரை எதிர்த்துப் பேசினான், சண்டை போட்டான். பள்ளியில் எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்தது.

எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், 1950-இல் வெளிவந்த நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். சுமார் ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிள்ளை மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, என்னால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ய முடியுமா என்பது. முடியும் என்று தெரிந்தால் ஊக்கம் பிறக்கும். முடியாது என்று திரும்பத் திரும்பக் காட்டப்பட்டால் தாழ்வுணர்ச்சி குடியேறும். பன்னிரண்டுக்கு மேல் கேள்வி மாறுகிறது: நான் யார்? முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டாவது கேள்விக்குப் பிள்ளை வந்து நிற்கிறான். எதற்கும் உதவாதவன் என்ற பதிலோடு வந்தவன் என்ன செய்வான்? யாருமில்லாதவனாக இருப்பதைவிடக் கெட்டவனாக இருப்பது மேல் என்று தேர்ந்தெடுப்பதும் உண்டு. எரிக்சன் இதை எதிர்மறை அடையாளம் என்றார். என் மாணவனுக்கு 'அடங்காதவன்' என்ற பட்டம்தான் பள்ளியில் கிடைத்த முதல் அடையாளம். அதை அவன் எளிதில் விடமாட்டான்.

இதை எழுதிய எரிக்சனே, பெற்ற தந்தை யாரென்று தெரியாமல், மாற்றாந்தந்தையின் பெயரோடு ஜெர்மனியில் வளர்ந்தவர். நான் யார் என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

நம் பகுதியில் பிள்ளை வளர்வது ஒரே மாதிரி இல்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெற்றோர், அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் வளரும் பிள்ளைகள், பதினைந்து வயதில் விடுதி. நீங்கள் கண்டதை எழுதுங்கள்.

சோமனூர் தறிக்காரர்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம். அந்தப் பையனைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனாலும் மறுத்துச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது.

நான் தறிக்குடியில் பிறந்தவன். எட்டு வயதில் தார் சுற்றினேன். பத்து வயதில் அறுந்த பாவு இழையை எடுத்து முடிச்சுப் போடுவேன். பள்ளி விட்டு வந்ததும் அப்பா சாப்பிடும் நேரத்துக்குத் தறியை நான் பார்த்துக்கொள்வேன். தறிச் சத்தத்தில்தான் தூக்கம். மின்சாரம் போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வோம். இந்தக் கோட்பாடுகளின்படி பார்த்தால் எங்கள் தெருவே கெட்டுப்போயிருக்க வேண்டும். கெடவில்லையே? எங்கள் தலைமுறையில் யாரும் நான் யார் என்று குழம்பி நின்றதில்லை. தறிக்காரன் மகன், அவ்வளவுதான். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனி அறையில் வளரும் பிள்ளைகளைப் பார்த்து எழுதியதை இங்கே கொண்டுவந்து பொருத்தினால், உழைத்து வளர்ந்த பிள்ளை எல்லாம் நோயாளி என்று ஆகிவிடும். அதுதான் என் பயம்.

பவானி கூடல்

தறிக்கார அண்ணா, உங்கள் பயம் நியாயமானது. ஈரோட்டுப் பக்கம் வளரிளம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்குச் சரியாகப் பொருந்தும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதுவும் வறுமையில் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பற்றியதுதான்.

1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் கலிபோர்னியாவில் வளர்ந்த பிள்ளைகளை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பதிவுகளைக் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் பிற்காலத்தில் எடுத்து ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டார். ஓக்லாந்து நகரத்துப் பிள்ளைகள் 1920, 21-இல் பிறந்தவர்கள். குடும்பம் நொடித்தபோது அவர்களுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. பையன்கள் பள்ளி நேரம் போக வேலைக்குப் போனார்கள், பெண் பிள்ளைகள் வீட்டு வேலையை ஏற்றார்கள். அவர்களில் பலர் பொறுப்புள்ளவர்களாக, பெரியவர்களோடு சரிசமமாகப் பழகுபவர்களாக வளர்ந்தார்கள். நீங்கள் சொல்வது இதைத்தான். வீட்டுக்கு நான் தேவைப்படுகிறேன் என்ற உணர்வு பிள்ளையை நிமிர்த்துகிறது. எரிக்சன் கேட்ட முதல் கேள்விக்கு உங்கள் தறிக்கூடம் 'முடியும்' என்று பதில் கொடுத்திருக்கிறது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. பக்கத்து நகரமான பெர்க்லியில் 1928, 29-இல் பிறந்த பிள்ளைகளையும் எல்டர் ஒப்பிட்டுப் பார்த்தார். அதே மந்தம், அதே இழப்பு. ஆனால் அது வந்தபோது அவர்கள் கைக்குழந்தைகளாகவும் சிறு பிள்ளைகளாகவும் இருந்தார்கள். அவர்களில் குறிப்பாகப் பையன்கள், பதின்வயதில் தன்னம்பிக்கை குறைந்தவர்களாக, எதிலும் பிடிப்பில்லாதவர்களாகக் காணப்பட்டார்கள். பணம் போனது நேரடியாகப் பிள்ளையைத் தாக்கவில்லை என்பதுதான் எல்டர் காட்டிய முக்கியமான சங்கதி. பணம் போனது அப்பாவைத் தாக்கியது. அப்பா எரிந்து விழுந்தார், காரணமில்லாமல் அடித்தார், நேற்று ஒரு மாதிரியும் இன்று ஒரு மாதிரியும் நடந்துகொண்டார். அதுதான் பிள்ளையைப் போய்ச் சேர்ந்தது. பத்து வயதுக்காரன் அந்த நேரம் வீட்டைவிட்டு வெளியே போய் நாலு பேரோடு நின்றுவிடலாம். நாலு வயதுக்காரன் எங்கே போவான்?

நான் யார் என்று குழம்பியதில்லை என்றீர்கள். எரிக்சனுக்குப் பின் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-இல் இந்த அடையாளத் தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார். அவற்றில் ஒன்று, தேடிப் பார்க்காமலேயே பெரியவர்கள் வகுத்த வழியை ஏற்றுக்கொள்வது. அது நோயே அல்ல. வழி நன்றாக இருக்கும்வரை நிம்மதியாகவும் இருக்கும். தொழில் படுத்து, தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்ட வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். தறியை விற்ற அன்றைக்கு, 'தறிக்காரன் மகன்' என்பதைத் தவிர வேறெதையும் தன்னைப்பற்றி நினைத்துப் பார்த்திராத இருபது வயதுப் பையனின் நிலை என்ன? அவர்களில் சிலர் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளை வீட்டுக்கு உதவுவதற்கும் உழைப்பதற்கும் நடுவில் உள்ள கோட்டைச் சட்டமும் தொடுகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி பதினான்கு வயதுக்குக் கீழ் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போகச் சொந்தக் குடும்பத் தொழிலில் உதவலாம். உதவி எங்கே முடிந்து உழைப்பு எங்கே தொடங்குகிறது என்பது தறிவீட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மறுநாள் வகுப்பில் தூங்கிவிழும் பிள்ளைக்கு அந்தக் கோடு தாண்டப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன்.

சோமனூர் தறிக்காரர்

அந்த நாலு வயதுக்காரனைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்திப் போராடிய காலத்தில் எனக்குப் பன்னிரண்டு, என் தம்பிக்கு நான்கு. அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். நான் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போய்விட்டேன். வீட்டில் இருந்தது அவன்தான். பிற்காலத்தில் எந்த வேலையிலும் அவன் நிலைக்கவில்லை. முதலாளி குரல் உயர்த்தினால் அன்றே நின்றுவிடுவான். சோம்பேறி என்றுதான் சொந்தமெல்லாம் பேசுகிறது. ஒரே வீடு, ஒரே சோறு, ஒருவன் இப்படி ஒருவன் அப்படி என்று எங்கள் அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே வீடு இல்லை போலிருக்கிறது.

உழைப்பு பிள்ளையைக் கெடுக்காது என்பதில் மட்டும் நான் இன்னும் மாறவில்லை.

மஞ்சள்காடு

கோபிப் பக்கம் விவசாயக் குடும்பம். இதையெல்லாம் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் மகன் பிறந்து ஒரு வயதானதும் நானும் அவன் அப்பாவும் திருப்பூர் போய்விட்டோம். கடன் இருந்தது. ஐந்து வயது வரை என் அம்மாதான் வளர்த்தார்கள். பிறகு நாங்கள் ஊர் திரும்பி நிலத்தைப் பார்த்தோம், அவனும் எங்களோடு வந்தான். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் பேசவிடுவார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறான். மற்ற தாய்மார்கள் போனில் அழுகிறார்கள், பிள்ளைகளும் அழுகின்றன. இவன் அழுவதே இல்லை. தைரியசாலி என்று வார்டன் பாராட்டினார். எனக்கு அது தைரியமாகத் தெரியவில்லை. சின்ன வயதில் விட்டுவிட்டுப் போனதால்தான் இப்படி ஆகிவிட்டானா? நேராகச் சொல்லுங்கள், ஆறுதல் வேண்டாம்.

பவானி கூடல்

அக்கா, நேராகவே சொல்கிறேன். ஒரு வயதில் நீங்கள் போனதால் அவன் கெட்டுவிட்டான் என்று எந்த நல்ல ஆய்வும் சொல்லாது.

ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார். வீடில்லாத பிள்ளைகள் தாயைப் பிரிந்தால் என்ன ஆகும் என்பது அதன் பொருள். அதில் தாய், தாய் என்றே அழுத்திச் சொன்னதால், வேலைக்குப் போன பெண்கள் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பின்னால் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் 1972-இல் அதே கேள்வியை மீண்டும் எடுத்துச் சோதித்தார். பிள்ளை ஒருவரிடம் மட்டும் ஒட்டுவதில்லை, பலரிடம் ஒட்டும். பிரிவைவிட வீட்டுச் சண்டைதான் அதிகம் சேதப்படுத்துகிறது என்று காட்டினார். பௌல்பியோடு வேலை செய்த உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் தன் முதல் கள ஆய்வை நடத்தியது ஆப்பிரிக்காவில். 1954, 55-இல் உகாண்டா கிராமங்களில் 26 குடும்பங்களில் போய் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்தார். அத்தையும் பாட்டியும் சேர்ந்து வளர்க்கும் வீடுகளும் அங்கே உண்டு. தறிக்கார அண்ணா தனி அறைப் பிள்ளைகள் என்றாரே, இந்தக் கோட்பாட்டின் வேரில் நம்மூர் போன்ற முற்றங்களும் இருக்கின்றன.

அழுதால் வருகிறார்களா, பயந்தால் தூக்குகிறார்களா என்பதிலிருந்து குழந்தை ஓர் எதிர்பார்ப்பை உருவாக்கிக்கொள்கிறது. எனக்கு ஒன்று என்றால் யாராவது வருவார்கள், அல்லது வரமாட்டார்கள். அந்த எதிர்பார்ப்பைத்தான் பதினைந்து வயதில் நண்பனிடமும் ஆசிரியரிடமும் காதலிலும் பொருத்திப் பார்க்கிறது. உங்கள் அம்மா அவனைத் தூக்கி வளர்த்தார்கள் என்றால் அடித்தளம் நன்றாகவே இருக்கும்.

அவன் அழாததைக் கவனித்தீர்களே, அது சரியான கவனிப்பு. பிரிவில் அழாத குழந்தைகளை ஐன்ஸ்வொர்த் பின்னாளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடத்திய ஆய்வில் தனியாகப் பார்த்தார். வெளியே அமைதியாகத் தெரிந்த அந்தக் குழந்தைகளின் இதயத்துடிப்பை மற்ற ஆய்வாளர்கள் அளந்தபோது உள்ளே பதற்றம் இருந்தது தெரிந்தது. உங்கள் மகனும் அப்படித்தான் என்று தொலைவிலிருந்து சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் ஊர்ச் சேதி நாலு சொல்லுங்கள், வாய்க்காலில் தண்ணீர் விட்டார்களா என்பது உட்பட. அவன் பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள் மூன்றும் சேர்ந்து குறைந்தால் மட்டும் காத்திருக்காமல் நேரில் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவை இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

சாளைவாசி

நான் காங்கேயத்துப் பக்கம் தோட்டத்தில் இருப்பவன். இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்துக் கொடுத்த அப்புச்சி. கோபியிலிருந்து எழுதும் பெண்ணுக்கு ஒன்று சொல்ல வேண்டும் அம்மணி. நீங்கள் விட்டுவிட்டுப் போன நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்த நாளை நினைத்துப் பார்த்தீர்களா?

எங்கள் பேரன் எங்களோடு தோட்டத்து வீடான சாளையில் பத்து வயது வரை இருந்தான். நல்ல பள்ளி என்று திருப்பூருக்குக் கூட்டிப் போனார்கள். பெற்றவர்களிடம் போகிறான், சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று எல்லோரும் சொன்னார்கள். லைன் வீட்டில் ஓர் அறை. காலை எட்டரைக்குள் அப்பா அம்மா கம்பெனிக்குப் போய்விட்டால் இரவுதான் வருவார்கள். இவன் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தான். போனில் என்னிடம் ஒருநாளும் வருத்தமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. கன்றுக்குட்டி பால் மறந்துவிட்டதா, மயிலை மாடு இப்போதும் முட்டுகிறதா, வேலிக்கிளுவை துளிர்த்துவிட்டதா என்றுதான் கேட்பான். ஆறு மாதம் அதையே கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டான். பழகிவிட்டான் என்று மகள் சொன்னாள். பதினான்கு வயதில் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாதவனாக ஆனான்.

ஊரில் ஒரு பெரியவர் இறந்தால் பிள்ளையை உட்கார வைத்துச் சமாதானம் சொல்கிறோம். வளர்த்தவர்களை விட்டுப் பிரிந்து போகும் பிள்ளைக்கு யாரும் சமாதானம் சொல்வதில்லை, ஏனென்றால் அவன் பெற்றோரிடம்தானே போகிறான். எனக்குக் கோட்பாடு தெரியாது. அவனுக்கு அது இழவுதான் என்பது தெரியும்.

பவானி கூடல்

ஐயா, பௌல்பி தன் பிற்கால நூல்களில் ஒன்றை முழுக்க முழுக்க இழப்பைப் பற்றித்தான் எழுதினார். நீங்கள் சொன்ன வரிசையும் அதில் இருக்கிறது. முதலில் தேடுவது, பிறகு நம்பிக்கை இழப்பது, கடைசியில் பற்றில்லாததுபோல் ஆகிவிடுவது. அந்தக் கடைசி நிலையைப் பெரியவர்கள் பழகிவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் அவரும் அவரோடு இருந்தவர்களும் மருத்துவமனைக் குழந்தைகளிடம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வளர்த்தவரிடமிருந்து பெற்றவரிடம் மாறும் பிள்ளைக்கு விடுமுறையிலாவது பழைய வீடு திறந்திருக்க வேண்டும்.

கோவை மாணவி

நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு. குழந்தைப் பருவக் கசப்பு அனுபவங்களுக்குப் புள்ளி போடும் பத்துக் கேள்விகளை இணையத்தில் பார்த்தேன். வீட்டில் குடி, அடி, அம்மா அப்பா பிரிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. என் எண்ணிக்கை மிக அதிகமாக வந்தது. அதற்குக் கீழே இதயநோய், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று பட்டியல். என் வாழ்க்கை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டதா?

பவானி கூடல்

இல்லை தங்கச்சி. அந்தக் கேள்விகள் ஃபெலிட்டி, ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் அமெரிக்காவின் சான் டியாகோவில் 17,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்விலிருந்து வந்தவை. முதல் அறிக்கை 1998-இல் வெளிவந்தது. எண்ணிக்கை கூடக் கூட நோய்களும் கூடுகின்றன என்பது உண்மை. ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. தனி ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்காக அது உருவாக்கப்படவும் இல்லை. உங்களுக்கு யார் துணை நின்றார்கள் என்று அந்தப் பத்தில் ஒரு கேள்விகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் எம்மி வெர்னர் என்ற உளவியலாளர். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நடுவயது வரை பின்தொடர்ந்தார். வறுமை, பிரசவச் சிக்கல், குடிகாரத் தந்தை என்று பல இடர்கள் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், பதின்வயதையும் தாண்டி நல்லபடியாக எழுந்து நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிறு வயதில் நம்பகமான ஒருவராவது இருந்தார். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, அக்கா, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பதின்வயதில் தடம் புரண்ட மற்றவர்களிலும் பலர் முப்பதுகளில், நாற்பதுகளில் மீண்டுவிட்டார்கள். படிப்பைத் தொடர்ந்தது, நல்ல துணை அமைந்தது, ஏதோ ஒரு குழுவில் இடம் கிடைத்தது என்று வழிகள் வேறுவேறு. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருந்தால் போய்ப் பேசுங்கள். புள்ளிக் கணக்கை அழித்துவிடுங்கள்.

நூல்கண்டு

இவ்வளவு நேரமும் பையன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்பதாவதில் பையன் மாறினால் எல்லோருக்கும் தெரிகிறது. பெண் பிள்ளைக்கு அவளைச் சுற்றி எல்லாம் மாற்றப்படுகிறது, அவள் மாறியது யாருக்கும் தெரிவதில்லை.

எனக்குத் திரட்டிச் சீர் (பூப்புச் சடங்கு) நடந்தபோது ஆறாம் வகுப்பு. மாமன் சீர் கொண்டுவந்தார், பந்தல் போட்டார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வாரம் சைக்கிள் பூட்டப்பட்டது. தெருவில் பாண்டி ஆடக் கூடாது, வாய்க்காலில் குளிக்கக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. என் வகுப்பில் எனக்குத்தான் முதலில். என்னோடு விளையாடியவர்கள் எல்லாம் இன்னும் சின்னப் பிள்ளைகளாகவே இருந்தார்கள், நான் மட்டும் இல்லை. ஏற்கெனவே வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கியவள் நான். அதன் பிறகு வீட்டில் தினமும் சண்டை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று மூன்று வருட ஒப்பந்தத்தில் ஒரு நூற்பாலை விடுதியில் சேர்த்தார்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர். முடித்தால்தான் மொத்தத் தொகை. பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு இரவு ஷிப்ட், வெளியே போக அனுமதியில்லை. நடுவில் உடம்பு சரியில்லாமல் நின்றவர்களுக்குத் தொகை வரவில்லை. நான் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டிய வயது எனக்கு மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய்விட்டது.

அந்த விடுதியில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா இருந்தார். பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதலாம் என்று எனக்குச் சொன்னதே அவர்தான். ஷிப்ட் முடிந்து வந்து, கண் எரிய எரிய, அறிவியல் புத்தகத்தை அவர் சத்தமாக வாசிப்பார், நான் எழுதுவேன். இரண்டாம் முறை தேறினேன். இப்போது ஒரு பனியன் கம்பெனியில் தரப் பரிசோதகராக இருக்கிறேன். ஹவாய்க் கதையில் வரும் அந்த நம்பகமான ஒருவர் எனக்கு அவர்தான். ஆனால் ஒருவர் கிடைத்தால் பிழைக்கலாம் என்பதை விடுதி நடத்தியவர்களுக்குச் சாதகமாக யாரும் பேசிவிட வேண்டாம். என்னோடு இருந்த எல்லோருக்கும் ஓர் அக்கா கிடைக்கவில்லை.

பல்லடம் டீச்சர்

நூல்கண்டு, நீங்கள் வந்து எழுதியதற்கு நன்றி. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972, 73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை பின்தொடரும் ஆய்வு இருக்கிறது. அதிலுள்ள பெண் பிள்ளைகளின் பூப்பு வயதைக் கஸ்பி, மொஃபிட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் ஆராய்ந்தார்கள். சீக்கிரம் பூப்பெய்துவது ஒரு பெண்ணைப் புதிதாக வேறு ஆளாக்கவில்லை. அதற்கு முன்பே சிறுவயதில் சிரமத்தில் இருந்தவர்களுக்கு, அந்தச் சிரமத்தை அது பெரிதாக்கியது. வளரிளம் பருவத்தின் குணமே இதுதான் என்று நான் எண்ணுகிறேன். ஏற்கெனவே உள்ளதை அழுத்திக் காட்டுகிறது. வாய்த்துடுக்கு என்று உங்களுக்குச் சிறுவயதில் ஒட்டிய பட்டத்தை, திரட்டிக்குப் பின் பூட்டிய சைக்கிள் இன்னும் இறுக்கிவிட்டது. எந்தச் சடங்கும் பள்ளிக்கூடத்தை நிறுத்தக் காரணமாகக் கூடாது. பள்ளியை விட்டு நிறுத்தி வேலைக்கோ கல்யாணத்துக்கோ அனுப்பும் பேச்சு காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பெயர் வெளியே வராது.

என் பங்குக்கு நான் செய்யப்போவதையும் சொல்லிவிடுகிறேன். டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967-இல் எழுதியதுபோல, வளரிளம் பிள்ளைக்கு உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம் இருக்கும். சிறுவயதில் சிரிப்புக்கு ஆளானவனுக்கு அது இரட்டிப்பாக வலிக்கும். ஆகவே ஆறாம் வகுப்பில் வரிசையாக நிற்க வைத்து வாசிக்கச் சொல்வதை நிறுத்துகிறேன். எழுத்துக் கூட்டுபவர்கள் என்னிடம் தனியாக வந்து வாசிப்பார்கள், தேறிய பிறகு வகுப்பில் வாசிப்பார்கள். ஒன்பதில் இருக்கும் அந்த மாணவனுக்குச் சைக்கிள் பழுது பார்க்கக் கை நன்றாக வருகிறது. அரசு தரும் சைக்கிள்களில் சங்கிலி கழன்றதையும் பிரேக் பிடிக்காததையும் சரிசெய்யும் பொறுப்பை, கருவிப் பெட்டியோடு, அவனிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்து அவனுக்கு வாசிப்பு. ஒன்பதாம் வகுப்பு பாடநூலில் தொடங்க மாட்டேன்.

பெற்றோர் கூட்டத்தை வேலைநாள் மாலையில் வைத்தால் கம்பெனி வேலையில் இருப்பவர்கள் வர முடிவதில்லை. சனிக்கிழமை சம்பள நாள், அன்றும் முடியாது. அதனால் ஞாயிறு காலை வைக்கத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மஞ்சள்காடு

இந்த ஞாயிறு மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. மஞ்சள் வேகவைத்த கதையைச் சொன்னேன். அவன் பெரிதாக எதுவும் பேசவில்லை, ஆனால் போனை வைக்கும்முன் அமுச்சி எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டான். இத்தனை நாளில் அவனாகக் கேட்ட கேள்வி அது. அடுத்த வாரம் அம்மாவையும் போனில் பக்கத்தில் உட்கார வைக்கிறேன். பருவ விடுமுறைக்கு நேராக அம்மா வீட்டுக்கே அனுப்பலாம் என்று அவன் அப்பாவும் சொல்கிறார்.

சாளைவாசி

டீச்சர், பெற்றோர் கூட்டம் என்று அழைப்பு போனால் எங்களைப் போன்றவர்கள் வர மாட்டோம். நமக்கில்லை என்று இருந்துவிடுவோம். வளர்க்கும் தாத்தா பாட்டியும் வரலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

பல்லடம் டீச்சர்

சேர்த்துவிடுகிறேன் ஐயா. ஞாயிறு காலை பத்து மணி. பஸ்ஸில் வருபவர்களுக்காகப் பத்தரை வரை காத்திருப்போம்.